அண்ணன் குளிப்பாட்டிய கெடா

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'கருணை மன்றம், முதல் பரிசு' என்று வெட்டியிருக்கும். அடியில் ஒடுக்கு விழுந்ததால் தரையில் வைத்தால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அண்ணன் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அண்ணனுடைய காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது இது என் கைக்கு வந்தது. கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரே குழப்பம்தான் வந்தது. இந்தச் சொம்பில்தான் அண்ணன் கெடாவைக் குளிப்பாட்டினான். அதே கெடாவை வெட்டுவதற்கு அம்மா மஞ்சள் தண்ணீர் கொண்டு போனதும் இந்தச் சொம்பில்தான். கெடா இன்னும் கட்டுத்தரையில் படுத்திருக்கிறது. அண்ணன் இல்லை.

நான் அவன் தங்கச்சி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. கோயமுத்தூர் கணபதியில், பம்பு மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. எழுதினாலாவது நேராகுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பண்ணையத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அண்ணனுக்கு நடக்கப் பழகும் வயதில் ஒரு காய்ச்சல் வந்து ஜன்னி கண்டதாம். கண் சொருகிவிட்டதாம். அப்போது அம்மா மாரியாத்தா கோயிலில் போய் விழுந்து, "என்ற பையனை எனக்கே குடுத்துப்போடு தாயி, உனக்கு ஒரு கெடா குடுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அண்ணன் பிழைத்துவிட்டான். ஆனால் கெடா கொடுப்பதென்றால் கெடா மட்டும் போதாது, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும். வருஷா வருஷம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் எங்கள் வெள்ளாடு ஒரு கறுப்புக் குட்டி போட்டது. நெற்றியில் மட்டும் வெள்ளை. அம்மா அதைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்து, இது உன்ற உசுருக்கு நேந்தது, நல்லா வளத்து என்றாள். அண்ணனும் தெரிந்தேதான் வளர்த்தான். எதற்காக வளர்க்கிறோம் என்று அவனுக்கு ஒரு நாளும் யாரும் மறைக்கவில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள முயலும்போதெல்லாம் எனக்கு இங்கேதான் இடிக்கிறது.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வந்தார். தாராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார், சயின்ஸ் எடுப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு ஓணான் அடிப்பதுதான் விளையாட்டு. ஓணானைப் பிடித்து வாயில் மூக்குப்பொடி போட்டு, அது கிறுகிறுத்துச் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டுவார்கள். டீச்சர் வந்த முதல் வாரத்திலேயே அதைப் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. அந்தப் பையனைக் கூப்பிட்டு, பொடி கொஞ்சம் குடு கண்ணு என்று வாங்கி, எல்லோர் முன்னாலும் தானே ஒரு சிட்டிகை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தும்மித் தும்மி முகமெல்லாம் சிவந்துபோனது. பேசவே முடியாமல், "எனக்காச்சும் மூக்கைச் சிந்தக் கையிருக்குது" என்றார். நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுபோனது. அண்ணன் எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அப்படித்தான் கருணை மன்றம் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. வேப்பமரத்தடியில் மண்சட்டியில் தண்ணீர் வைப்போம், காக்காயும் மைனாவும் வந்து குடிக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு செவலை நாய் திரிந்தது. கல்லடி பட்டுப் பட்டு, யார் கையைத் தூக்கினாலும் ஓடிவிடும். டீச்சர் அதைப் பழக்கிக் காட்டினார். முதல் நாள் கையை இடுப்பு வரைக்கும் மட்டும் தூக்கி ஒரு துண்டு ரொட்டி போட்டார். மறுவாரம் தோள் வரைக்கும். மாசக் கடைசியில் தலைக்கு மேல் கையைத் தூக்கினாலும் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. "பயப்படற ஒண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாக் காட்டிப் பழக்குனா பயம் போயிருமுங்க கண்ணுகளா. அடிச்சுப் பழக்குனா பயம் போகாது, பதுங்கிக்கும்" என்று சொன்னார். அண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பாடத்தில் எதுவும் ஏறாது. இது ஏறிவிட்டது.

மன்றத்துப் பிள்ளைகள் ஊருக்குள் போய்ச் செய்ததெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஒரு நாள் செங்கல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி பாலத்து மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டிக்காரர் மேலேயே உட்கார்ந்துகொண்டு சாட்டையை ஓங்கினார். அண்ணனும் கூடப் படிக்கிறவர்களும் போய் முன்னால் நின்றார்கள்.

"ஏனுங்க, கொஞ்சம் எறங்கி நடங்க. மாட்டுக்கு நோவுது" என்றான் அண்ணன்.

"மாடு உன்ற காதுல வந்து சொல்லுச்சாக்கும்?"

"இல்லீங்க. டீச்சர் சொன்னாங்க."

"டீச்சரம்மாளையே வந்து இழுக்கச் சொல்லு கண்ணு. நான் வேணா மாட்டை மேல ஏத்தி உக்கார வெச்சுக்கறேன்."

ரோட்டில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஆனால் அவன் நகரவில்லை. பின்னால் போய் வண்டியில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். மற்றப் பையன்களும் போனார்கள். வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னடா இது இம்சையாப் போச்சு என்று முனகிக்கொண்டே இறங்கி அவரும் தள்ளினார். வண்டி மேடேறிவிட்டது. அன்றிலிருந்து அவனை ஊரில் 'மாட்டு வக்கீல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

டீச்சரையும் எங்களுக்கு முழுதாகப் புரிந்ததில்லை. ஒரு நாள் மத்தியானம் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தபோது ஆட்டுக்கறி வாசம் அடித்தது. பிள்ளைகளுக்குள் ஒரே கிசுகிசுப்பு. அண்ணன்தான் போய்க் கேட்டான், நீங்க கறி திம்பீங்களா டீச்சர் என்று. டீச்சர் மூடியைக் கையில் வைத்தபடி யோசித்தார். "திம்பேன் கண்ணு. உசுரோட இருக்கையில நோவு குடுக்கக் கூடாதுன்னு மட்டுந்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அதுக்கு மேல கேட்டா எனக்கே சரியாத் தெரியல" என்றார். வேறொரு டீச்சராக இருந்தால் போய் உக்காருடா என்றிருப்பார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைத் திண்ணையில் போட்டான். கட்டுத்தரைக்குப் போய்க் கெடாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மன்றத்தில் ஆளுக்கு ஒரு ஜீவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சிலர் கோழியைச் சொன்னார்கள், சிலர் பூனையைச் சொன்னார்கள். அண்ணன் கெடாவைச் சொன்னான். அது கோயிலுக்கு நேர்ந்தது என்று டீச்சரிடம் அவன் சொல்லவில்லை. நானும் அதே பள்ளிக்கூடம்தான், இரண்டு வகுப்புக் கீழே. நானும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு அது ஊரறிந்த விஷயம். வெளியூர் டீச்சருக்குத் தெரியாது என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அண்ணன் கெடாவைத் தினமும் குளிப்பாட்டினான். ஆட்டுக்குத் தண்ணீரே ஆகாது. நாலு தூறல் விழுந்தால் கத்திக்கொண்டு ஓடும். முதல் முதல் அவன் நனைத்த துணியால் முதுகைத் துடைத்தான். பிறகு கொட்டாங்குச்சியில் கொஞ்சமாக ஊற்றினான். அது துள்ளும், உடம்பை உதறும், அவன் மேலெல்லாம் தெறிக்கும். ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் அதன் காதை மூடிக்கொண்டு இன்னொரு கையால் ஊற்றுவான். ஊற்றி முடித்ததும் ஒரு கொத்து வேலாங்காய் கொடுப்பான். பிறகு தன் துண்டாலேயே துவட்டிவிடுவான். "பைத்தியக்காரப் பையா, உனக்குக் குளிக்கச் சொன்னாக் கசக்குது, ஆட்டுக்குத் தெனமும் குளியலாக்கும்?" என்று அம்மா கேட்டால், "டீச்சர் சொல்லியிருக்காங்க" என்பான். அதற்கு மேல் அம்மாவும் கேட்கமாட்டாள். போகப் போகக் கெடா பழகிவிட்டது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஊற்றினாலும் கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டபடி நிற்கும். ஆண்டு விழாவில் அவனுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். டீச்சர் மைக்கில், ஒரு பிராணியை அடிக்காம அதட்டாம இப்படிக்கூடப் பழக்கலாம்னு காட்டின பையன் என்று சொன்னார். அம்மா வேலைக்குப் போகாமல் வந்து கீழே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குக் கொடுத்த சொம்புதான் இது. மறுநாளிலிருந்து கொட்டாங்குச்சி போய்ச் சொம்பு வந்தது.

அடுத்து ஊர்த் திருவிழா, மாரியாத்தா நோம்பி வந்தது. இந்த வருஷம் கெடாவைக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். பெருந்துறை மாமா, மூலனூர்ச் சித்தி என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். நான் அண்ணன் அழுவான் என்று பார்த்தேன். அழவில்லை. காலையில் அவனே குளிப்பாட்டி, அவனே மாலையைப் போட்டு, அவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். வழியில் ஒரு பையன், "என்னடா மாட்டு வக்கீலு, ஆட்டுக்கு வாதாடமாட்டியா?" என்று கேட்டான். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா புதுச் சொம்பில் மஞ்சள் தண்ணீரை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள்.

எங்கள் பக்கத்தில் கெடாவைச் சும்மா வெட்ட மாட்டார்கள். தலையிலிருந்து வால் வரைக்கும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். கெடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துளுக்கறது என்று சொல்வோம். துளுக்கினால் ஆத்தா சரியென்று வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். துளுக்காமல் வெட்டக் கூடாது.

பூசாரி ஊற்றினார். கெடா நின்றது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அது கழுத்தை வளைத்து, தன் மாலையிலிருந்த வேப்பிலையைக் கடித்துத் தின்றது. சிலர் சிரித்தார்கள். பூசாரி மறுபடியும் ஊற்றினார். அது கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் தாயி, என்ன கொறை? பெத்தவ வந்து நிக்கறா, சொல்லு" என்று பூசாரி சத்தமாகக் கேட்டார். அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். மறுபடி ஊற்றினார்கள். ஒன்றுமில்லை. மஞ்சள் தண்ணீர் அதன் தாடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு அசைந்தது. ஆத்தாவைக் கும்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"காதுல ஊத்துங்க பூசாரி, தானாத் துளுக்கும்" என்று மாமா சொன்னார். அப்படிச் செய்வது உண்டு. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறித்தானே ஆகவேண்டும். பூசாரி சொம்பைச் சாய்த்தார். அப்போது அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாமுங்க. காதுல ஊத்தாதீங்க. அவளா வாங்கிக்கோணும்."

"ஏ புள்ள, ஊட்டுல இத்தனை சனத்தைக் கூப்புட்டு வெச்சிருக்குது. உடு, ஊத்தட்டும்" என்றார் அப்பா.

"ஏமாத்திக் குடுக்கறதுக்கா இத்தனை வருசம் காத்திருந்தேன்? வேண்டாமுங்க."

அந்த இழுபறியில்தான் சொம்பு கீழே விழுந்து ஒடுங்கியது. பூசாரி அம்மாவைப் பார்த்தார், கெடாவைப் பார்த்தார். இந்த வருசம் வேண்டாங்கறா, அடுத்த நோம்பிக்குப் பாத்துக்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாமா வேறொரு கெடா பிடித்துக் கொண்டுவந்து சனத்துக்குச் சோறு போட்டார். அண்ணனும் எல்லோரோடும் உட்கார்ந்து கறி சாப்பிட்டான். மறுசோறு வாங்கினான். அதை நான் மறக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் மெல்லக் கேட்டான், "ஆத்தாளுக்கு என்ற மேல கோவம் இருக்குமா அம்மணி?" என்று. உன்ற மேல எதுக்குடா கோவம், கெடாதான துளுக்கல என்றேன். அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வருஷம் மழை இல்லை, வேலை இல்லை, நோம்பிக்கு யாரையும் கூப்பிட முடியவில்லை. அதற்கடுத்து அப்பாவுக்குக் கால் முறிந்தது. பிறகு அண்ணன் பத்தாவது தவறிவிட்டுப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு மில்லுக்கு வேலைக்குப் போனான். நான் கணபதிக்கு வந்தேன். அவன் ஒரு நோம்பிக்கு லீவு கிடைத்து வரட்டும், அவன் கையாலேயே குடுக்கட்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆனால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கட்டுத்தரைக்குத்தான் போவான். நெற்றி வெள்ளையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான், வந்துட்டேனம்மா என்று குரல் கொடுப்பான்.

போன ஐப்பசியில் பட்டறைக்குப் போன் வந்தது. ஓனர் என்னைக் கூப்பிட்டு, ஊருக்குப் போ கண்ணு, உங்கண்ணனுக்குச் சொகமில்லையாம் என்றார். ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். காய்ச்சலில் உளறிக்கொண்டிருந்தான். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, கொண்டுவந்தது தாமதம் என்று டாக்டர் சொன்னார். மில்லில் லீவு போட்டால் வேலை போய்விடுமென்று அவன் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். அம்மா டாக்டர் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. அதே காய்ச்சல், அதே காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேண்டின கடனைக் கொடுக்கவில்லை, ஆத்தா கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். இதுதான் அம்மாவுக்குத் தெரிந்த கணக்கு. அதிலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்குப் பூசாரி கையைத் தான் பிடிக்காமல் இருந்திருந்தால், காதில் ஊற்றியிருந்தால், கெடா போயிருக்கும், தன் பையன் இருந்திருப்பான் என்கிறாள். இதைச் சொல்லிச் சொல்லித் தன் வலது கையைத் தரையில் அடித்துக்கொள்கிறாள். அந்தக் கை வீங்கிக் கிடக்கிறது. அதில் சோறு பிசைந்து தின்னவும் மாட்டேன் என்கிறாள். நான்தான் ஊட்டிவிட்டேன்.

துக்கம் விசாரிக்க டீச்சர் வந்திருந்தார். இப்போது வேறு ஊரில் வேலை, தலை நரைத்துவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீங்கின கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் ஏற்றிவிடப் போகும்போது நான் பழைய பேச்சாக, அண்ணன் கெடாவைத் தினமும் குளிப்பாட்டுவானே டீச்சர், நீங்கள் சொல்லித்தான் என்றேன். அவர் நின்றுவிட்டார். "தெனமும் குளிப்பாட்டச் சொல்லி நான் எதுக்குச் சொல்றேன் கண்ணு? ஆட்டுக்குச் சளி புடிச்சுக்குமே. உண்ணி இருந்தா மாசத்துக்கு ஒருக்கா வெயில்ல ஊத்துங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அப்போதும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவனுக்கு அதன் மேல் ஆசை, அதனால் செய்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிடிபட்டது பிறகுதான். அண்ணன் போனதிலிருந்து கெடா சரியாகத் தின்னவில்லை. வயசாகிவிட்டது, பல் தேய்ந்துவிட்டது, உடம்பெல்லாம் உண்ணி. ஒரு நாள் உச்சி வெயிலில் இந்தச் சொம்பை எடுத்துக்கொண்டு போய் அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினேன். அது திடுக்கிட்டு எழுந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியது. தண்ணீர் என் முகத்தில், சுவரில், வாசலில் நின்ற அம்மாவின் சேலையில் தெறித்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"துளுக்கிருச்சு" என்றாள். "ஏ அம்மணி, துளுக்கிருச்சே. இப்ப எதுக்குத் துளுக்குது? அன்னிக்கு ஏன் நின்னுது? இவன் போனப்புறம் ஆத்தா எதை வாங்கிக்கறா?"

என்னிடம் பதில் இருந்தது. அண்ணன் மில்லுக்குப் போனதிலிருந்து வருஷக் கணக்காக அதன் மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, பழக்கம் விட்டுப்போனது, அதனால் உதறுகிறது. அப்போது தினமும் ஊற்றி ஊற்றிப் பழகியிருந்தது, அதனால் நின்றது. இவ்வளவுதான். செவலை நாய்க்குக் கையைத் தூக்கிக் காட்டியது மாதிரி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அம்மாவின் கைக்குப் பழி இல்லை. காதில் ஊற்றியிருந்தாலும் ஊற்றாவிட்டாலும் அது ஆத்தா சொன்ன சொல் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் பழி எங்கே போகும்? அண்ணன் ஆத்தாவை ஏமாற்றினான், அதனால்தான் செத்தான் என்று அம்மா நினைத்துவிட்டால்? பையன் செத்ததைத் தாங்குகிறவள் அதைத் தாங்குவாளா? நான் வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கே தெரியவில்லை. அவன் வேண்டுமென்றேதான் பழக்கினானா? இல்லையென்றால் டீச்சர் சொன்னார் என்று ஏன் பொய் சொன்னான், ஆத்தாளுக்குக் கோவம் இருக்குமா என்று என்னிடம் ஏன் கேட்டான்? வேண்டுமென்றே செய்தவன் எப்படி அத்தனை நிம்மதியாக அவனே மாலை போட்டு, அவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தான்? நோம்பிக்குப் போகிற உயிர், இருக்கிற வரைக்கும் பயமில்லாமல் இருக்கட்டும், கடைசியாக ஊற்றுகிற தண்ணீருக்குக்கூடப் பயப்பட வேண்டாம் என்று நினைத்துப் பழக்கியிருந்தால்? அதுவும் அவன் செய்யக்கூடியவன்தான். இரண்டும் அவன்தான். கூப்பிட்டுக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். கேட்க ஆள் இல்லை.

அம்மா இந்தச் சித்திரையில் கெடாவைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். "அந்தக் கெழட்டுக் கெடாவை வெட்டி எந்தப் பல்லால திங்கறது? பையனே போயிட்டான், இனி யாருக்குக் கடன்?" என்று அப்பா கேட்டார். "எதுக்குன்னு தெரியாமயே ஒண்ணைக் கட்டி வெச்சுக்கிட்டு என்னால தூங்க முடியல. அவகிட்ட நிறுத்தறேன். வேணும்னா எடுத்துக்கட்டும், வேண்டாம்னா உடட்டும். இத்தோட முடியோணும்" என்றாள் அம்மா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பட்டறைக்கு இன்னும் திரும்பவில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் சொம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். உண்ணி போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்ணி ஒரு வாரத்திலேயே போய்விட்டது. நான் நிறுத்தவில்லை. கெடா முதலில் துள்ளியது, உதறியது. பிறகு முதுகை மட்டும் சிலிர்த்தது. ஊற்றி முடித்ததும் வேலாங்காய் கொடுத்து, அண்ணனுடைய துண்டால் துவட்டிவிடுவேன். அந்த உயிரைக் காப்பாற்றுகிறேனா, ஆத்தாவை ஏமாற்றுகிறேனா, அம்மாவை ஏமாற்றுகிறேனா, எனக்குத் தெரியவில்லை. கை மட்டும் ஊற்றுகிறது. அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று ஊற்றிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாது. நான் சட்டென்று திரும்பினேன். தண்ணீர் கோணலாகப் போய்க் கெடாவின் தலையில் விழுந்தது.

"காதுக்குள்ள தண்ணி போவாம ஊத்து அம்மணி" என்றாள். "இந்தக் கையில காதை மூடிக்கோணும். உங்கண்ணன் அப்படித்தான் ஊத்துவான்."

குனிந்து, வீங்கின வலது கையை நீட்டி, அவளே அதன் காதை மூடிப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் அன்றைக்கும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். பூசாரி கையைப் பிடித்தபோது அம்மாவுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்? நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழுத முகம்தான், வேறு ஒன்றும் அதில் இல்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"நோம்பிக்கு இன்னும் நாள் கெடக்குது. ஒரு நாளும் உடாம ஊத்து" என்றாள்.

நான் சொம்பில் தண்ணீரை மொண்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் மெதுவாக ஊற்றினேன். கெடா கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அதன் தாடியிலிருந்து சொட்டி நின்றது. சொம்பைக் கீழே வைத்தேன். அது ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. கெடா அசையவில்லை.